காலி எடை

மதிப்பீட்டாளர் வந்த அன்று
நீடாமங்கலம் கேட்டில் ஒன்றரை மணி நேரம்
கூட்ஸ் வண்டிக்காகக் கிடந்தாராம்.
வந்ததும் தண்ணீர் கேட்கவில்லை,
பட்டியல் கேட்டார்.

நான் தையல்நாயகி, எடைமேடைப் பிரிவு.
இருபத்திரண்டு வருஷம் ஜன்னலுக்குள் இருந்து
லாரிகளின் ஒரு பக்க விலாவை மட்டும் பார்த்தவள்.
சாவிக்கொத்தோடு அவருக்கு முன்னால் நடந்தேன்.

நெல் அவிக்கும் தொட்டி எட்டு, ஓட்டை மூன்று.
பாய்லர் ஒன்று, சான்று காலாவதி.
உமி தள்ளும் விசிறி; ஓடும், கத்தும்.
தார்ப்பாய் நூற்றுப்பத்து என்கிறது ரிஜிஸ்டர்,
அறுபதுதான் இருந்தது.
மீதி எந்தெந்தக் கூரை மேல் என்று தெரியும்,
சொல்லவில்லை.
ஒன்று என் வீட்டு மேலேயே இருக்கிறது,
கஜா அடித்த மறுநாள் எடுத்தது.

நஷ்டம் எப்படி வந்தது என்றார்.
ஈரம் பதினேழுக்கு மேல் எடுக்காதே என்று ஓர் உத்தரவு,
தேர்தலுக்கு முந்தின மாதம்
இருபது வரைக்கும் எடு என்று இன்னொன்று.
அரைத்துக் கொடுத்த அரிசிக்கு மூன்று வருஷக் கூலி பாக்கி.
பாக்கி வைத்ததும் அரசாங்கம், ஆலையும் அரசாங்கம்.
இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போக மறுத்த பணத்துக்கு
நஷ்டம் என்று பெயர் எழுதினார்கள்.
அது ஒன்று.
மூட்டைக்கு இவ்வளவு என்று
ஜன்னல் வழியே நீண்ட கை
இன்னொன்று.
சில வருஷம் அது என் கைதான்.
பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

வாசலில் கொடி நட்டு
வேதரத்தினம் தொண்டை கிழியப் பேசினார்.
விவசாயிகள் வருவார்கள் என்று
பெஞ்சு போட்டு வைத்திருந்தோம்.
சித்தேரிக் குத்தகைக்காரர் பக்கிரிசாமி மட்டும்
சைக்கிளிலிருந்து இறங்காமல்
ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சொன்னார்:
'ஒங்க வாசல்ல நாலு நாள் காஞ்சேன்,
நெல்லுதான் காயல.
இனிமே அவன் வாசல்ல காயறேன், வுடுங்க.'
மிதித்துப் போய்விட்டார்.
வேதரத்தினத்துக்கு அதற்கப்புறம் பேச்சு வரவில்லை.

ஏலத்துக்கு மூன்று பேர்,
இரண்டு பேருக்கு ஒரே விலாசம்.
ரோட்டை ஒட்டிய பதினாறு ஏக்கருக்கு ஒரு விலை வந்தது;
ஆலையைச் சேர்த்துப் பார்த்தாலும்
அதே விலைதான் வந்தது.

அரைப்பதற்கு வாங்கவில்லை.
பழைய இரும்பு கிலோ முப்பத்தொன்று.
பதினோரு நாள்
ஆலையைத் துண்டு துண்டாக நான்தான் நிறுத்து அனுப்பினேன்.
சீட்டில் 'பொருள்' என்ற இடத்தில்
நெல், அரிசி, தவிடு தவிர வேறு அடித்ததில்லை.
முதல் லாரிக்கு விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு 'ஆலை' என்று அடித்தேன்.
மொத்தம், காலி, நிகரம்.
மொத்தம், காலி, நிகரம்.

கடைசியில் எடைமேடை மிஞ்சியது.
அதை எதில் ஏற்றி நிறுக்க?
கேஸ் வைத்து அறுத்தார்கள்.
அடியில் குழி, முழங்கால் தண்ணீர்,
வெளிச்சம் பிடிக்காத தவளைகள்.

கோப்பு முடிக்கச் சீட்டு வேண்டுமென்று
அந்த லாரியில் நானும் ஏறிப் போனேன்.
மன்னார்குடி ரோட்டில் தனியார் மேடை,
எடைக்கு அறுபது ரூபாய்.
நஜ்முதீன் பையன் கைபேசியைக் காதில் வைத்தபடியே
பொத்தானை அழுத்தினான்.
'ஆளு எறங்கியாச்சா' என்று கேட்கவில்லை.
நான் ஒவ்வொரு வண்டிக்கும் கேட்பேன்.

கோரையாற்றுப் பாலம் தாண்டி இரும்புக்கடையில்
சரக்கு இறங்கும் வரை டீ குடித்தேன்.
காலி வண்டி நானில்லாமல் மேடைக்குத் திரும்பிப் போனது.
சீட்டு வந்தது.
நிகரம் பதினோராயிரத்து இருபது.

ரிஜிஸ்டரில் உள்ளதைவிட அறுபது கிலோ கூடுதல்.
முப்பத்தொன்றால் பெருக்கிப் பார்த்தேன்,
பழக்கம்.
திருத்தச் சொல்லியிருக்கலாம்.
மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.